இருக்குமிடத்தில் இருத்தல்

தமிழில் 'இருத்தல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. உளதாதல் என்பது ஒன்று. ஓரிடத்தில் அமர்ந்து தங்குதல் என்பது மற்றொன்று. தங்குதலும் உளதாதலும் ஒன்றையொன்று பிரியா என்று கருதிய மக்களே இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கினர் போலும். இன்றோ இவ்விரு பொருளும் பிரிந்து நிற்கின்றன. உடல் ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறது. உள்ளம் கையகலத் திரையின் வழியே வேறெங்கோ உலவுகிறது. வகுப்பறையில் மாணவர் இருக்கின்றனர், ஆனால் இல்லை. நோன்பு திறக்கும் விரிப்பைச் சுற்றிக் குடும்பத்தார் இருக்கின்றனர், ஆனால் இல்லை.

மாணவரைக் குறை கூறும் நோக்கில் இக்கட்டுரையை எழுதவில்லை. மேசைக்கு இப்பால் நிற்கும் ஆசிரியனாகிய நானும் இக்குறைக்கு ஆளானவனே. அதனால் நான் இழந்தது ஒன்று உண்டு. அதனை முதலிற் கூறிவிடுதல் நேர்மையாகும்.

கேளாது போன தாலாட்டு

என் தாயாரின் மூத்த சகோதரியைப் பெரியும்மா என்று அழைப்போம். பள்ளிக்கூடம் சென்றறியாதவர், ஆயினும் அரபுத்தமிழைத் தடையின்றிப் படிப்பார். அரபுத்தமிழ் என்பது தமிழ் மொழியை அரபு எழுத்துகளால் எழுதும் முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனச் சில எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து இஃது அமைக்கப்பட்டது. தமிழகத்திலும் இலங்கையிலும் முஸ்லிம் பெண்கள் பலர் சமய அறிவையும் பாடல்களையும் இவ்வெழுத்தின் வழியாகவே பெற்றனர். பெரியும்மாவிடமும் அவ்வாறான கையெழுத்துக் குறிப்பேடு ஒன்று இருந்தது. அவர்தம் தாயார் பாடிய தாலாட்டுகள் அதில் எழுதப்பட்டிருந்தன.

2022ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில் ஓரிரவு, தராவீஹ் தொழுகை முடித்து வீடு திரும்பினேன். பெரியும்மா அக்குறிப்பேட்டை மடியில் விரித்துக்கொண்டு ஒவ்வொரு தாலாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாட்டு என்பதையும் இடையிடையே சொன்னார். அதே வேளையில் வாட்ஸ்அப் குழுவொன்றில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் குறித்த விவாதம் சூடேறியிருந்தது. நம் பெண்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுப்பார் இல்லையே என்று நான் அதில் வருந்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

"கேக்குறியா வாப்பா?" என்று பெரியும்மா இருமுறை வினவினார்.

"கேக்குறேன் பெரியும்மா" என்றேன். நான் கேட்கவில்லை. அவர் சற்று நேரம் என்னைப் பார்த்திருந்துவிட்டுக் குறிப்பேட்டை மூடினார்.

அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் வருமுன்னரே அவர் வஃபாத்தானார். குறிப்பேடு இப்போது என்னிடம் உள்ளது. எழுத்துக் கூட்டிப் படித்துவிடுகிறேன். சில சொற்கள் விளங்கவில்லை. கேட்டறியப் பெரியும்மா இல்லை. மெட்டோ எழுத்தில் அடங்குவதன்று. அன்று என் கருத்தைப் பாராட்டியோர் யார் யார் என்பதும் இன்று நினைவில் இல்லை.

கவனம் கவரப்படும் முறை

இதனைத் தனிமனிதனின் மனவலிமைக் குறைவு என்று மட்டும் கூறி முடித்துவிடலாகாது. தகவல் பெருகுந்தோறும் அதனை நுகரும் கவனம் அருகிப்போகும் என்று அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971ஆம் ஆண்டிலேயே விளக்கினார். அருகிப்போன பொருளுக்கு விலை ஏறுதல் சந்தையின் இயல்பு. சமூக ஊடக நிறுவனங்கள் நம்மிடம் பெரும்பாலும் கட்டணம் பெறுவதில்லை, விளம்பரத்தாலேயே பொருளீட்டுகின்றன. நாம் திரையில் செலவிடும் நேரம் நீள நீள விளம்பரம் காட்டும் வாய்ப்பும் நீளும். ஆகவே, நேரத்தை நீட்டுவதே அவ்வமைப்பின் நோக்கமாகிறது.

நூலுக்குப் பக்க முடிவு உண்டு. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. முடிவு வருமிடத்தில் நாம் நிமிர்ந்து பார்க்கிறோம். 2006ஆம் ஆண்டில் ஏசா ரஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், திரையைத் தள்ளத் தள்ள முடிவின்றிச் செய்தி வந்துகொண்டேயிருக்கும் முறையை உருவாக்கினார். நிமிர்ந்து பார்க்கும் அந்த இடம் அதனால் மறைந்தது. பிற்காலத்தில் அவரே இதற்காக வெளிப்படையாக வருந்தினார். 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் முகநூல் விருப்பக்குறியைக் கொண்டுவந்தது. அக்குறி எப்போது வரும், எத்தனை வரும் என்பது முன்னரே தெரிவதில்லை. இந்தத் தெரியாமையே அதன் வலிமை. உளவியலறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளில், தவறாது இரை பெற்ற புறாக்களைவிட, எத்தனையாவது கொத்தலுக்கு இரை விழும் என்று அறியாத புறாக்களே ஓயாது கொத்தின. பேசியை எடுத்துப் பார்த்து வைத்து, மீண்டும் எடுத்துப் பார்க்கும் நம் செயலும் அதனை ஒத்ததே.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையக் கட்டணம் பெரிதும் வீழ்ந்தது. அதுவரை அளந்து பயன்படுத்திய இணையம் அதன்பின் அளவின்றிப் புழங்கலாயிற்று. செலவு குறைந்தது பணத்தில் மட்டுமே, நேரத்தில் அன்று.

பொச்சாப்பும் கஃப்லத்தும்

திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்பது மறதி, கவனச் சோர்வு. துன்பத்தால் விளையும் மறதியை அன்றி, உவகை மிகுதியால் விளையும் மறதியையே வள்ளுவர் அங்கு முதலிற் கண்டிக்கிறார். அளவிறந்த சினத்தினும் அது தீயது என்பது அவர் கருத்து. சினம் வந்தால் வந்தது என்று தெரியும். இன்பத்தால் வரும் சோர்வு, வந்தது என்பதையே அறியவிடாது. திரையால் வரும் மறதியும் இவ்வகையினதே.

இஸ்லாமிய நெறிநூல்கள் இதனைக் 'கஃப்லத்' என்னும் சொல்லாற் குறிக்கின்றன. இதற்கு எதிர்நிலையில் நிற்பது 'ஹுளூருல் கல்பு', அதாவது உள்ளத்தின் உடனிருப்பு. தொழுகையின் உள்ளார்ந்த நிபந்தனைகளைக் கூறுமிடத்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இதனையே முதன்மையாக எடுத்து விளக்குகிறார்கள். நாவு ஓதுவதோடும் உடல் செய்வதோடும் உள்ளம் சேர்ந்திருத்தலே உடனிருப்பு.

அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாழ்வில் இதற்கு அழகிய சான்று உண்டு. அபூ ஜஹ்ம் (ரலி) அவர்கள் வேலைப்பாடமைந்த மேலாடை ஒன்றை அன்பளிப்பாக வழங்கினார்கள். அதனை அணிந்து தொழுதபோது அதன் கோலங்கள் அண்ணலாரின் கவனத்தை ஈர்த்தன. தொழுகை முடிந்ததும் அவ்வாடையைத் திருப்பியனுப்பி, அதற்கு ஈடாக அவரிடமிருந்த வேலைப்பாடற்ற எளிய ஆடையைப் பெற்றுவருமாறு கூறினார்கள் என்பது ஹதீஸ் நூல்களிற் காணப்படும் செய்தி. இதில் மூன்று நுட்பங்கள் உள்ளன. ஆடையை அவர்கள் இழித்துரைக்கவில்லை. தம் கவனம் சிதறியதை மறைக்கவுமில்லை. அன்பளித்தவர் மனம் நோகாவண்ணம் மாற்றாடை ஒன்றைக் கேட்டுப் பெற்றார்கள். கருவியை வெறுக்காமல், சிதறலை ஒப்புக்கொண்டு, உறவை முறிக்காமல் விலக்குதல் என இதனைச் சுருக்கலாம்.

மனிதரிடத்தும் அவர்கள் அவ்வாறே இருந்தார்கள். ஒருவரை நோக்கித் திரும்பும்போது முகத்தை மட்டும் திருப்பாமல் முழு உடலையும் திருப்புவார்கள் என்று அவர்தம் பண்புகளைக் கூறும் நூல்கள் குறிக்கின்றன. பெரியும்மாவின் வினாவுக்குத் தலை நிமிராமல் விடை கூறிய எனக்கு இச்செய்தி பின்னாளில் வேறு பொருள் தந்தது. எதிரில் இருப்பவருக்கு நம் கவனம் ஓர் அமானிதம் ஆகும். அதனை உரியவரிடம் சேர்க்காமல் வேறொருவரிடம் கொடுப்பது முறையாகாது.

இஃதிகாஃப் காட்டும் அளவு

சமூக ஊடகத்திலிருந்து சிலகாலம் விலகியிருத்தலை இன்று பலரும் பரிந்துரைக்கின்றனர். எவ்வாறு விலகுவது, எதற்காக விலகுவது, எப்போது திரும்புவது என்னும் வினாக்களுக்கு விடையில்லாமல் விலகுவோர் மூன்றாம் நாளே முன்னினும் மிகுந்த வேட்கையோடு திரும்பிவிடுகின்றனர். இவ்வினாக்களுக்குரிய விடை நம் மரபிலேயே இருக்கிறது.

இஃதிகாஃப் என்னும் சொல்லுக்குத் தங்கியிருத்தல், ஒன்றைப் பற்றி நிற்றல் என்பது பொருள். தமிழின் 'இருத்தல்' இதற்கு மிக நெருங்கிய சொல்லாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ரமலானின் கடைசிப் பத்து நாள்களில் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தார்கள். தாம் மறைந்த ஆண்டில் இருபது நாள்கள் இருந்தார்கள். ஹனஃபீ மத்ஹபின்படி ஒரு மஹல்லாவில் ஒருவரேனும் இதனை நிறைவேற்ற வேண்டும். ஒருவரும் இருக்கவில்லையெனின் அக்குறை அனைவரையும் சாரும். அம்மத்ஹபில் பெண்கள் தம் இல்லத்திலேயே தொழுகைக்கென ஒதுக்கிய இடத்தில் இருப்பர். ஷாஃபிஈ மத்ஹபில் சிறிது நேரம் பள்ளியில் தங்குவதற்கும் இஃதிகாஃப் நிய்யத்து வைத்துக்கொள்ளலாம்.

இதன் அமைப்பை நோக்குக. நிய்யத்து உண்டு, எனவே நோக்கம் தெளிவு. இடம் உண்டு, எனவே எல்லை தெளிவு. நாள் உண்டு, எனவே முடிவு தெளிவு. வெறும் விலகலாகவும் அது நில்லாது. விட்ட பொழுதை ஓதலும் தொழுகையும் சிந்தனையும் நிரப்புகின்றன. அவ்விலகலில் கடுமையுமில்லை. அண்ணலார் இஃதிகாஃப் இருந்தபோது அவர்தம் துணைவியார் ஸஃபிய்யா (ரலி) ஓரிரவு காண வந்தார்கள். அண்ணலார் அவருடன் உரையாடினார்கள். அவர் திரும்பும்போது எழுந்து உடன் நடந்தார்கள். உலகை விட்டு ஒதுங்கிய நிலையிலும் வந்தவரிடம் முழுமையாக இருந்தார்கள் என்பது இதனாற் பெறப்படும்.

உறவையும் ஊரையும் நீங்கித் துறவு வாழ்வு மேற்கொண்டு 1838ஆம் ஆண்டில் சென்னையில் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபைத் தமிழ் மாணவர் அறிவர். அத்தகைய முழுத் துறவு எல்லார்க்கும் இயல்வதன்று. திரும்பி வருவதற்காகவே விலகும் நெறி எல்லார்க்கும் உரியது. பெருநாள் பிறை கண்டதும் இஃதிகாஃப் இருந்தவர் வீட்டுக்கே வருகிறார்.

பாராட்டிலிருந்து விலகியவர்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1058ஆம் ஆண்டு தூஸ் நகரில் பிறந்த அவர்கள், 1091ஆம் ஆண்டில் பாக்தாதின் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தில் தலைமை ஆசிரியரானார்கள். ஏறத்தாழ 300 மாணவர்கள் அவர்களிடம் பயின்றனர். புகழின் உச்சியில் இருந்தபோது, தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, மக்கள் பாராட்டுக்காகவா என்று தம்மையே கேட்டுக்கொண்டார்கள். பாராட்டுக்காகவே என்று உள்ளம் சொன்னது. பல மாதங்கள் தடுமாறினார்கள். ஒரு கட்டத்தில் பாடம் சொல்ல நா எழவில்லை. 1095ஆம் ஆண்டில் பதவியை விட்டு நீங்கி, திமிஷ்க் பெரிய பள்ளிவாசலின் மினாராவில் கதவடைத்துத் தனித்திருந்தார்கள். இவற்றைத் தம் 'அல்முன்கித் மினழ் ழலால்' நூலில் தாமே கூறியுள்ளார்கள். பின்னர் 1106ஆம் ஆண்டில் நைஸாபூரில் மீண்டும் கற்பிக்க வந்தார்கள்.

அவர்கள் விட்டது கல்வியையன்று. பாராட்டை எதிர்நோக்கும் நிலையை. விருப்பக்குறிகளை எண்ணிக்கொண்டு அறச்செய்திகளைப் பகிரும் நம் காலத்துக்கு இஃது எவ்வளவு பொருந்துகிறது! தீயவற்றைப் பார்ப்போர்க்கு மட்டுமே ஓய்வு தேவை என்று நினைத்தல் தவறு. நல்லவற்றையே பகிர்வோர்க்கும் அது தேவை.

ஆய்வுகள் கூறுவன

2018ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 143 மாணவரைக் கொண்டு நடத்திய ஆய்வு வெளிவந்தது. ஒரு பிரிவினர் முகநூல், இன்ஸ்டாகிராம், ஸ்நாப்சாட் ஆகிய ஒவ்வொன்றையும் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் மட்டுமே மூன்று வாரம் பயன்படுத்தினர். வழக்கம்போல் பயன்படுத்தியோரைவிட இவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. முற்றும் விடாமல் அளவு செய்தாலே பயன் உண்டு என்பது இதனால் விளங்கும்.

மற்றொரு பெரிய ஆய்வு 2018ஆம் ஆண்டு அமெரிக்க இடைத்தேர்தலுக்கு முன்னர் நடந்து, 2020ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 2,700 பேர் பங்கேற்ற அவ்வாய்வில், ஒரு பகுதியினர் பணம் பெற்றுக்கொண்டு நான்கு வாரம் முகநூலை நிறுத்தினர். நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் அவர்களுக்கு மிச்சமாயிற்று. குடும்பத்தாரோடும் நண்பரோடும் செலவிட்ட நேரம் கூடியது. மனநிறைவு சிறிதளவு உயர்ந்தது. அதே வேளையில் நாட்டு நடப்புப் பற்றிய அறிவு குறைந்தது. மிச்சமான நேரத்தில் ஒரு பகுதி தனியே தொலைக்காட்சி பார்ப்பதிலும் கழிந்தது. விடுவது மட்டும் போதாது, விட்ட இடத்தில் எதனை வைப்பது என்பதும் வேண்டும் என்னும் இஃதிகாஃப் நெறிக்கு இது சான்று. ஆய்வு முடிந்தபின்னும் அவர்களிற் பலர் முன்னளவுக்குத் திரும்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

நான் கண்டது

2023ஆம் ஆண்டு ரமலானின் கடைசிப் பத்தில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தேன். பேசியை வீட்டில் வைத்துவிட்டு, இன்றியமையாத் தேவைக்கென மோதினாரின் எண்ணை வீட்டாரிடம் கொடுத்துச் சென்றேன்.

முதல் மூன்று நாளும் கை சட்டைப்பையைத் தடவியது. அதனினும் வியப்பான ஒன்றைக் கண்டேன். பள்ளியின் அமைதியைப் பற்றியே பிறர் மெச்சும்படி ஒரு பதிவை உள்ளம் எழுதிக்கொண்டிருந்தது. பேசி இல்லை, ஆயினும் பழக்கம் உள்ளே இயங்கியது. நான் விலகவேண்டியது கருவியிலிருந்து மட்டுமன்று என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். ஐந்தாம் நாளளவில் அவ்வெழுத்து ஓய்ந்தது. அருகிலிருந்த முதியவர் முழங்கால் வலியால் எழுவதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பது கண்ணில் பட்டது. அஸருக்குப் பின் கஞ்சிக் காய்ச்சும் இளைஞர்களின் பெயர்களை அறிந்தேன். அவர்களுள் இருவர் என் மாணவர். ஓதும்போது இன்னும் எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்க்கும் வழக்கம் நின்றது. பெரிய ஞானம் எதுவும் கிட்டியதாகக் கூறமாட்டேன். இருந்த இடத்தில் இருந்தேன்; அவ்வளவே.

பெருநாள் கழிந்து சில வாரங்களில் என் தாயாரின் இளைய சகோதரியிடம் அக்குறிப்பேட்டை எடுத்துச் சென்றேன். அவருக்கு மூன்று தாலாட்டுகளின் மெட்டு நினைவில் இருந்தது. பேசியின் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, அதனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் முகத்தை நோக்கி அமர்ந்து கேட்டேன். ஏனையவை பெரியும்மாவுடன் சென்றுவிட்டன.

மாணவர்க்குச் சில நெறிகள்

வெளிநாட்டில் உழைக்கும் தந்தையின் முகத்தைப் பிள்ளைகள் நாள்தோறும் காண்பது இக்கருவியால்தான். குருதி வேண்டுவோர் செய்தியும், ஜனாஸா அறிவிப்பும், கல்வி உதவித்தொகை பற்றிய குறிப்பும் இதன் வழியே வருகின்றன. எனவே இதனை முற்றும் தள்ளுக என்று கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. பின்வருவன இயலக்கூடியவை:

1. முதலில் ஒரு வாரம் எதனையும் மாற்றாமல், நாள்தோறும் செலவிடும் நேரத்தைப் பேசியே காட்டும் கணக்கைக் கொண்டு குறித்து வருக. அளவு தெரிந்தாலன்றி அளவு செய்ய இயலாது.

2. விலகும் காலத்தை முன்னரே வரையறுக்க. மூன்று நாளாயினும் பத்து நாளாயினும் தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்கட்டும். தேவையான செய்திக்கு ஒருவழியை மட்டும் திறந்து வைத்து, அதனை வீட்டாருக்கும் நண்பருக்கும் அறிவித்துவிடுக.

3. இடத்தையும் வரையறுக்க. தொழுமிடம், உணவு விரிப்பு, வகுப்பறை, படுக்கை ஆகிய நான்கிலும் பேசி வேண்டா.

4. விட்ட நேரத்தில் வைக்கும் செயலை முன்னரே தேர்க. ஒரு நூல், ஒரு நடை, ஒரு முதியவர் ஆகிய மூன்றில் ஒன்று போதும்.

5. திரும்பும்போது முன்பிருந்த அனைத்தையும் ஒருங்கே எடுத்துக்கொள்ளற்க. இல்லாமலே வாழ முடிந்தவற்றை விட்டுவிடுக.

இவற்றுள் நான்காவதைச் சற்று வற்புறுத்த விரும்புகிறேன். இம்மலரைப் படிக்கும் மாணவ மாணவியர் பலர் வீட்டில், ஊர்ப் பழங்கதைகளையும் பாடல்களையும் அரபுத்தமிழ் எழுத்தையும் அறிந்த முதியவர் ஒருவரேனும் இருக்கக்கூடும். அவர்கள் நம்மைக் காத்திருக்கச் செய்வதில்லை. நாம்தான் அவர்களைக் காத்திருக்கச் செய்கிறோம். இவ்விடுமுறையில் ஒரு மாலை, பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு அவர்கள் அருகே அமருங்கள். சொல்வதைக் கேளுங்கள். "கேக்குறியா?" என்று அவர்கள் வினவ நேராதபடி கேளுங்கள்.

இருக்குமிடத்தில் உள்ளத்தோடு இருக்கும் பேற்றை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.